ஆர்.ஏ.எஸ். வேலை: தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவருக்கே டிமாண்ட்

மீன் பண்ணை வேலை என்றதும் சேறும் வலையும் ஞாபகம் வந்தால், அந்தப் படத்தை மாற்றுங்கள். மறுசுழற்சி நீர் மீன்வளர்ப்பு, அதாவது ஆர்.ஏ.எஸ். என்பது பம்ப், ஃபில்டர், புளோயர் எல்லாம் சேர்ந்து ஓடும் ஒரு ஃபேக்டரி. தினமும் மொத்தத் தண்ணீரில் 5 முதல் 10 சதவீதம்தான் புதிதாகச் சேர்ப்பார்கள். மீதியைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். பழனி, வத்தலக்குண்டு, கொடைக்கானல் பக்கம் வேலை தேடுபவர்களும் சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களும் இந்த ஆறு விஷயங்களில் கெட்டியாக இருங்கள்.

1. உயரத்தைப் பார்த்து மீனைச் சொல்லுங்கள். 'கிஃப்ட்' ரகத் திலேப்பியா நன்றாக வளர 27 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். பழனி, வத்தலக்குண்டு போன்ற அடிவாரத்தில் அது சாத்தியம். சுமார் 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலில் ஹீட்டர் பில்லே லாபத்தைத் தின்றுவிடும். அங்கே பொருந்துவது டிரவுட் போன்ற குளிர்நீர் மீன். நீலகிரியில் அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகம் 1907-லேயே வந்துவிட்டது. இன்று ஹைதராபாத் அருகே தண்ணீரைக் குளிரவைத்து ரெயின்போ டிரவுட் வளர்க்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் குளிர் கொடைக்கானலில் சும்மா கிடைக்கிறது. இன்டர்வியூவில் இதைக் கணக்கோடு சொல்பவர் தனியாகத் தெரிவார்.

2. அம்மோனியா கணக்கு விரல்நுனியில் இருக்கட்டும். 35 சதவீதம் புரதம் உள்ள ஃபீடு ஒரு கிலோ போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். பயோஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரஜனின் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகும். அதனால்தான் பண்ணையில் ஆப்ப சோடா மூட்டை இருக்கும். டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் பச்சையாகத் திரும்பும்போதே ஃபீடைக் குறைப்பவர் சூப்பர்வைசர் ஆவார். மீன் மிதந்த பிறகு ஓடுபவர் ஹெல்ப்பராகவே இருப்பார்.

3. கரன்ட் போனால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் காற்று நின்றால் அரை மணி நேரத்துக்குள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் புரட்டிப் போட்டது. மலையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் உடனே சரியாகாது. ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன்களே, பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டம் படித்தவரோடு நீங்கள் தைரியமாகப் போட்டிபோடக்கூடிய இடம் இதுதான்.

4. முதலாளி அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். பயோஃபில்டர் தயாராக வெதுவெதுப்பான தண்ணீரிலேயே 4 முதல் 6 வாரம் ஆகும். குளிரில் இன்னும் இழுக்கும். அதற்கு முன் தொட்டி நிறையக் குஞ்சு விட்டால் மொத்த பேட்சும் போய்விடும். டெஸ்ட் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இப்போது வேண்டாம் சார்" என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு.

5. லாக்புக்தான் உங்கள் ரெஸ்யூமே. ஆக்சிஜன், பி.எச்., வெப்பநிலை, அம்மோனியா, போட்ட ஃபீடு, செத்த மீன் என எல்லாவற்றையும் தினமும் நேரத்தோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் எத்தனை கிலோ ஃபீடுக்கு எத்தனை கிலோ மீன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். பண்ணையின் பெரிய செலவே ஃபீடுதான். அதை மிச்சப்படுத்துபவர் சம்பள உயர்வை உரிமையோடு கேட்கலாம்.

6. முதலில் சம்பளம், பிறகு லோன். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 100 கன மீட்டர் தொட்டி கொண்ட சிறிய ஆர்.ஏ.எஸ். யூனிட்டுக்கு 7.5 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 60 சதவீதம் என்று இருந்தது. மானியத்தை மட்டும் நம்பி இறங்குபவர் முதல் அறுவடைக்கு முன்பே திணறுவார். ஒரு வருடமாவது இன்னொருவர் பண்ணையில் நைட் ஷிஃப்ட் பாருங்கள். எங்கே காசு ஒழுகுகிறது என்பது அங்கேதான் புரியும். கொடைக்கானல் தாலுகாவில் கட்டடம் எழுப்பும் முன் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி பற்றியும், திலேப்பியா வளர்க்கும் முன் மீன்வளத் துறை உரிமம் பற்றியும் விசாரியுங்கள்.

இந்த வாரமே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். திண்டுக்கல் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய், இப்போது எந்த மானியம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் உள்ள மையத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரித்துப் பெயர் கொடுங்கள். இந்தத் தொழிலில் ஆள் இன்னும் குறைவு. முதலில் கற்றவர் கேட்கும் சம்பளத்தைப் பின்னால் வருபவர் கேட்க முடியாது.