வட வேல்ஸ்: ரயிலில் போய்ப் படமெடுக்க எந்தக் கோட்டை?

கான்வி, ஹார்லெக், கைர்நார்வன், பியூமாரிஸ். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸை அடக்கி ஆளக் கட்டத் தொடங்கிய இந்த நான்கு கோட்டைகளும் 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். படத்தொடர் எடுக்கப் போகிறவர் எங்கே தொடங்குவது?

கோட்டையின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜூன் மாதம் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். கோட்டைக் கதவை ஐந்து, ஆறு மணிக்கே சாத்திவிடுவார்கள். சாய்ந்த வெயில் கல்லில் படும் நேரத்தில் நீங்கள் வெளியேதான் நிற்பீர்கள். வெளியே நிற்க நல்ல இடம், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடை தூரம், திரும்ப ஒரு ரயில். இந்த மூன்றும் எங்கே சேர்கின்றனவோ அதுவே உங்கள் கோட்டை.

அப்படிப் பார்த்தால் கான்வியை மிஞ்ச ஒன்றுமில்லை. லண்டன் யூஸ்டனிலிருந்து லாண்டட்னோ ஜங்ஷன் மூன்று மணி நேரம்போல. அங்கேயே இறங்கி, ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து நடந்தே வாருங்கள். காலை வெயில் எட்டுக் கோபுரங்களின் மேலும் நேராக விழும். முன்னால் டெல்ஃபோர்டின் 1826ஆம் ஆண்டுத் தொங்கு பாலம், பக்கத்தில் ராபர்ட் ஸ்டீவன்சனின் இரும்புக் குழாய்ப் பாலம். 1848இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தப் பாலத்தின் முகப்பைக் கோட்டைக்குப் பொருந்தும்படி கோபுரம் வைத்தே கட்டினார்கள். ரயிலை மறைத்து எடுக்காதீர்கள். அதுவும் இந்தக் கோட்டையின் கதைதான். பிற்பகலில் நகர மதிலின் மேல் ஏறுங்கள். மேற்கு உச்சியிலிருந்து பார்த்தால் ஊர்க் கூரைகள், கோட்டை, கழிமுகம் மூன்றும் ஒரே சட்டகத்தில் வரும், வெயில் உங்கள் முதுகுப் பக்கம். கான்வி ஸ்டேஷனில் கை காட்டினால்தான் ரயில் நிற்கும்.

மாலை வெயிலுக்கு ஹார்லெக். சுமார் அறுபது மீட்டர் உயரப் பாறையின் மேல் கோட்டை, அடிவாரத்தில் ஸ்டேஷன். ஒரு காலத்தில் பாறையின் அடிவரை வந்த கடல் இன்று வெகுதூரம் விலகிவிட்டது. ஊருக்குத் தெற்கே உள்ள மேட்டில் நின்றால் கோட்டைக்குப் பின்னால் எரிரி மலைகள் வரிசையாகத் தெரியும். மாலையில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வந்து மதிலின் சொரசொரப்பை எடுத்துக் காட்டும். என் மனதுக்கு நான்கிலும் மிக நெருக்கமான காட்சி இதுதான். ஆனால் இந்தக் கடற்கரைப் பாதையில் ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான், ஆகவே இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். பர்மிங்காமிலிருந்து வரும் ரயில் மகன்லெத்தில் இரண்டாகப் பிரியும். புல்ஹெலி போகும் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைர்நார்வனுக்கு வந்துகொண்டிருந்த பெருவழி ரயில் 1970இல் நின்றுபோனது. பேங்கரில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். போர்த்மடோக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் வரும் குறுகிய பாதை ரயிலிலும் வரலாம். கான்ஸ்டான்டிநோபிள் மதிலை நினைவூட்டும் பட்டைபட்டையான கற்சுவர் தெற்குப் பார்த்தது. செயான்ட் ஆற்றுக்கு அக்கரையில் நின்றால் நாளின் பெரும்பகுதி அதன்மேல் வெயில் இருக்கும். நேரம் தவறி வருபவருக்கும் கை கொடுக்கும் கோட்டை.

பியூமாரிஸுக்கு ரயில் கிடையாது. கட்டி முடிக்கப்படாத தாழ்ந்த மதிலும் அகழியில் அதன் நிழலும் காற்றில்லாத காலையில் அருமை. தொடர் வளர்ந்த பிறகு பேங்கரிலிருந்து பேருந்தில் போய்வாருங்கள்.

கான்வியும் ஹார்லெக்கும் இரண்டுமே வேண்டுமென்றால், லாண்டட்னோ ஜங்ஷனிலிருந்து ப்ளைனை ஃபெஸ்டினியோக், அங்கிருந்து ஃபெஸ்டினியோக் நீராவி ரயிலில் போர்த்மடோக், பிறகு கடற்கரைப் பாதை என்று வாருங்கள். வழியில் டால்வித்தெலன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், எட்வர்டுக்கு முன்பே வேல்ஸ் இளவரசர்கள் கட்டிய கோட்டையும் கிடைக்கும். வென்றவர் கட்டியதை மட்டும் காட்டும் தொடர் பாதிக் கதைதான்.

கோட்டைகளின் உட்புறம்தான் உங்கள் பொருள் என்றால் குளிர்காலத்தில் போங்கள். டிசம்பரில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே இருப்பதால், கதவு திறந்திருக்கும்போதே சாய்ந்த வெயில் கிடைக்கும். அந்த மாதங்களில் குறுகிய பாதை ரயில்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை என்பதால் ஒரே கோட்டைக்கு எனத் திட்டமிடுங்கள்.