பட்டாளத்தில் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை எங்கே?

விடுப்பில் சித்தூருக்கு வந்திருந்தபோது எனக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. "பக்கத்துல கோயமுத்தூர்லயே பண்ணிக்கோ சாமி, கஞ்சி வெச்சுக் குடுக்க நானிருக்கேன்" என்றார் அம்மா. நான் வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்குப் போனேன்.

உயிருக்கு ஆபத்தென்றால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டு உடனே யூனிட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தள்ளிப்போடக்கூடிய அறுவை வேறு. அதை அனுமதியின்றி வெளியே செய்தால் செலவு நம் தலையில். (அதற்காக நகையை அடகு வைத்தவரை அறிவேன்.) அதைவிட முக்கியம், பிறகு நம் 'ஷேப்' உடல்தகுதியைத் தீர்மானிப்பவர்கள் ராணுவ மருத்துவர்களே, சிகிச்சைக் குறிப்புகள் அவர்களிடமே இருப்பது நல்லது. மூணாறுப் பக்கத்து வீரர்களுக்குக் கொச்சியில் கடற்படையின் 'சஞ்சீவனி' மருத்துவமனை இருக்கிறது. 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. பணியிலிருப்பவர் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் நாள், மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்து மாறி மாறி, கஞ்சித் தூக்கோடு அம்மா வந்துவிட்டார்.