பந்தும் புத்தகமும் ஒரே வீட்டில்: முதலாண்டுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு 13 குறிப்புகள்

எங்கள் வீடு எண்ணூர் கத்திவாக்கத்தில். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. பெரியவன் கல்லூரியில் சேர்ந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், அவனுடைய ஃபுட்பால் ஷூவைப் பரணில் ஏற்றியதுதான். "டிகிரி முடிச்சிட்டு ஆடிக்கோடா" என்றோம். அந்த வருஷம் மூன்று அரியர் வைத்தான். மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரம் புத்தகத்துக்கு வரவே இல்லை, நேராகப் போனுக்குப் போய்விட்டது. அடுத்து மகள் சேர்ந்தபோது அவளுடைய வாலிபால் பையில் நாங்கள் கை வைக்கவில்லை. வீட்டு நடைமுறையை மாற்றினோம். பெரியவனிடம் பட்டது பாதி, சின்னவளிடம் கற்றது பாதி, அதுதான் இந்தக் குறிப்புகள்.

1. நேரத்தை நாள் கணக்கில் பார்க்காமல் வாரக் கணக்கில் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. தினம் ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. ஐந்து நாள் வகுப்பு 25. எங்கள் பகுதியிலிருந்து போக வர தினம் இரண்டரை மணி என்று வைத்தால் பன்னிரண்டரை. நான்கு நாள் பயிற்சி ஆறு மணி. குளியல், சாப்பாடு, கடைக்குப் போவது எல்லாம் தினம் மூன்று மணி, ஆக 21. படிப்புக்குத் தினம் இரண்டு மணி, 14. எல்லாம் கழித்த பிறகும் 40 மணி மிச்சம் இருக்கிறது! இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். "ஆடப் போறதால படிக்க நேரம் இல்லை" என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த 40 எங்கே போகிறது என்பதுதான் பேச்சாக இருந்தது.

2. ஆட்டம் ஒன்றரை மணிதான். முடிந்த பிறகு கட்டைச்சுவரில் உட்கார்ந்து மொக்கை போடுவது ஒரு மணி, வீட்டுக்கு வந்து வியர்வையோடு கட்டிலில் சாய்ந்து போனைத் தடவுவது ஒரு மணி. களவு போவது இங்கேதான். மொக்கையை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள், புதுக் கல்லூரியில் சிநேகிதம் உண்டாவதே அந்தச் சுவரில்தான். அரை மணி கொடுங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் குளியல், சாப்பாடு, புத்தகம் என்ற வரிசை மாறக்கூடாது. நடுவில் கட்டிலில் சாய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அவள் வரும் நேரத்துக்குத் துண்டையும் மாற்றுத்துணியையும் குளியலறைக் கொடியில் போட்டுவிடுவேன். செல்லம் கொடுக்கிறேன் என்று மாமியார் சொல்வார். சொல்லட்டும்.

3. பசியோடு வரும் பிள்ளை படிக்காது. பயிற்சிக்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் போதும். பையில் ஒரு சின்ன டப்பாவில் வறுத்த வேர்க்கடலையோ அவித்த கொண்டைக்கடலையோ இருக்கட்டும், ஆடி முடித்ததும் வாயில் போட. கடலையை முந்தின இரவே ஊற வைத்துக் காலையில் குக்கரில் போட்டால் வேலை முடிந்தது. இந்த டப்பா இல்லாத நாளில்தான் பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடக் கூட்டமாகக் கிளம்புவார்கள். மாதம் ஒரு நாள் போகட்டும், அத்தோ சாப்பிடாமல் வடசென்னையில் வளர முடியுமா? வாரம் மூன்று நாள் என்றால் காசும் போச்சு, மாலையும் போச்சு. வெயில் காலத்தில் காலைப் பயிற்சி முடிந்து வந்தால் உப்புப் போட்ட மோரும் பழைய சோறும். அதற்கு ஈடாக எந்தக் கலர் பாட்டிலையும் நான் வாங்கவில்லை.

4. வருகைப்பதிவை வீட்டுக் காலண்டரில் குறியுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 68 நாள் போயாக வேண்டும், மிச்சம் 22. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், மழை நாள் எல்லாம் அதற்குள்தான். வகுப்புக்குப் போகாத நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டோம். பத்து வட்டம் ஆனதும் அவளே பயந்துவிட்டாள், நான் வாய் திறக்கவில்லை.

5. போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்க வேண்டும் என்பது பெரியவனுக்கு இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது. உடற்கல்வி இயக்குநரிடம் கடிதம் வாங்கி, துறைத்தலைவரின் கையெழுத்தோடு, போட்டிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆடி முடித்து வந்து கேட்டால் கிடைப்பது அன்றைக்குத் துறைத்தலைவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ், பங்கேற்புச் சான்றிதழுக்கு ஒரு ஜெராக்ஸ். அன்று நடந்த பாடத்துக்கு, நன்றாக நோட்ஸ் எடுக்கும் ஒரு தோழி. கடைசியாகச் சொன்னது மற்ற இரண்டையும்விட முக்கியம்.

6. அகமதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு மாறும், முதல் வாரத்திலேயே சீனியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். செமஸ்டர் தேர்வில் கோட்டை விட்டால் அரியர் எழுதலாம். கொடுக்காத அசைன்மென்டுக்குப் பிறகு யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். ஜோன் (மண்டலப்) போட்டி எந்தத் தேதி, இன்டர்னல் எந்தத் தேதி என்று இரண்டையும் ஒரே காலண்டரில் எழுதினால் எங்கே முட்டும் என்பது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

7. போன். எங்கள் வீட்டில் அதற்கு இடம் சமையலறையில் அஞ்சறைப்பெட்டி வைக்கும் மேல்தட்டு. இரவு எட்டிலிருந்து பத்து வரை வீட்டிலுள்ள எல்லாப் போனும் அங்கே. என்னுடையதும்தான். இதுதான் கஷ்டமான பகுதி, சீரியல் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் படிக்கச் சொன்னால் எடுபடாது. "அலாரம் வைக்க போன் வேணும்மா" என்பாள், ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வாங்கி வைத்தேன். "கால்குலேட்டர் வேணும்", அதையும் வாங்கினேன். சாக்கு ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்து, எட்டுக்கு முன் ஒரு தடவை, பத்துக்குப் பின் ஒரு தடவை பார்த்தால் எதுவும் குடி முழுகிவிடாது. ராத்திரி சார்ஜ் போடுவது ஹாலில், தலையணை பக்கத்தில் இல்லை.

8. போனை வாங்கி வைத்த பிறகும் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு காரணம் தேடுங்கள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாம் இங்கிலீஷில் என்றால் யாருக்கும் மலைப்பாக இருக்கும். பெரியவன் அரியர் வைத்த மூன்று பாடமுமே அவனுக்குப் புரியாத பாடங்கள். அதை எங்களிடம் சொல்ல வெட்கம். போன் ஒன்றும் அவனைக் கெடுக்கவில்லை, புரியாத பாடத்திலிருந்து ஒளிந்துகொள்ள அது ஓர் இடம், அவ்வளவுதான். இப்போது சின்னவள் செய்வது: அன்று நடந்த பாடத்தை முதலில் தமிழில், தன் சொந்தப் பேச்சில், அரைப் பக்கம் எழுதுவாள். எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்தால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு இங்கிலீஷ் சொற்களைப் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வாள். இருபது நிமிஷம்தான் ஆகும். இந்தப் பதிமூன்றில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

9. பயணத்தை வீணாக்க வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் பஸ் எப்போது நகரும் என்று எந்தக் கண்டக்டராலும் சொல்ல முடியாது. முடிந்தவரை கும்மிடிப்பூண்டி மார்க்க எலக்ட்ரிக் டிரெயின்தான். கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் மாணவர் சீசன் டிக்கெட் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். ரயில் காலை வாரினால் ஷேர் ஆட்டோ பிடித்து விம்கோ நகர் மெட்ரோ, 2021-இல் அது வந்தபிறகு தேர்வு நாளில் பாதிப் பதற்றம் போயிற்று. காலை நெரிசலில் புத்தகம் விரிக்க முடியாது. முந்தின இரவு எழுதியதைத் தன் குரலிலேயே போனில் பதிவு செய்து இயர்போனில் கேட்டுக்கொண்டு போகிறாள். சொந்தக் குரல் கேட்கச் சகிக்கவில்லை என்று முதல் வாரம் சிணுங்கினாள்.

10. மைதானம் இல்லை, வசதி இல்லை என்று பிள்ளை சோர்ந்தால் கேரம் வீராங்கனை காசிமாவின் கதையைச் சொல்லுங்கள். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது வயது 17. அதற்கு முன்பே 2008-இல் வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆகியிருக்கிறார். நம் பக்கத்துத் தெருக்களில் கேரம் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஆனால் கேரமில் ஒரு வில்லங்கம் உண்டு. "இன்னும் ஒரே ஒரு போர்டு" என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். எத்தனை போர்டு என்று உட்காரும் முன்பே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆடி முடித்ததும் போரிக் பவுடரைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் பலகை உப்பும்.

11. வியர்வை ஜெர்சியைப் பையிலேயே விட்டால் மறுநாள் பையும் நாறும், நோட்டும் நாறும். வந்ததும் ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி ஊறவிட்டு, பிறகு சோப்பு. துணியை மெத்தென்றாக்கும் திரவம் வேண்டாம், ஜெர்சி வியர்வையை உறிஞ்சாது. சாம்பல் தூசி பறக்கும் நாளில் மாடியில் காயப்போட்டால் வெள்ளை ஜெர்சி சாம்பல் ஜெர்சியாகும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போடுங்கள். ஆலை நெடி அடிக்கும் நாளில் வெளியே ஓட்டப் பயிற்சியும் வேண்டாம். 'சமீர்' செயலியில் மணலி, ராயபுரம் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பலாம். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நெடி வந்தால் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

12. கணுக்கால் பிசகினால் முதல் இரண்டு நாள் தைலம் போட்டு நீவ வேண்டாம், இழுத்து விடுகிறேன் என்று வருபவரிடமும் காட்ட வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. காலை உயரத் தூக்கி வையுங்கள். மீன் விற்கும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? நான்கு எட்டுகூட வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கால் ஓயும் வாரம் ரெக்கார்டு நோட்டு முடிக்கும் வாரம். போன தடவை அப்படித்தான் நிலுவை முழுவதும் தீர்ந்தது.

13. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதைக் கேஸ் சிலிண்டர் செலவோடு கலந்துவிடாதீர்கள். சீசன் டிக்கெட், ஜெராக்ஸ், வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ என்று ஒதுக்கினால் மற்றதற்கும் மிஞ்சும். விளையாட்டுச் சான்றிதழ்களை டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, எந்தச் சான்றிதழ் எப்போது கைகொடுக்கும் என்று தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்த காகிதம் எதுவும் தேறவில்லை. பரணில் காகிதம் வைக்கலாம், ஷூவை மட்டும் கவரில் கட்டிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றின் ஈரத்தில் பசை விட்டு சோல் பிரிந்துவிடும். பெரியவனுடைய ஷூ அப்படித்தான் போயிற்று.