பல் வலி தானாக நின்றுவிட்டதா? உடனே மருத்துவரைப் பாருங்கள்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அறுவடைக் காலம் வந்துவிட்டால் வணிகர்களாகிய நமக்கு உடம்பு நினைவுக்கு வருவதில்லை. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் மண்டிக்கு வரும் நேரத்திலோ, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை கொள்முதல் நடக்கும் நேரத்திலோ கடைவாய்ப் பல் வலித்தால் என்ன செய்கிறோம்? கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். நாலைந்து இரவு தூக்கம் இல்லை. பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடுகிறது. சரியாகிவிட்டது என்று மறந்துவிடுகிறோம். இங்கேதான் ஏமாறுகிறோம்.

பல்லின் நடுவே ஒரு சிறு அறை உண்டு. நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் அதில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய கால்வாய்கள் வேர் நுனி வரை இறங்குகின்றன. சொத்தை அந்த அறையைத் தொட்டதும் கிருமிகள் புகுந்து கூழ் வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. உயிர் போகிற வலி அதனால்தான். சில நாட்களில் கூழ் செத்துவிடும். செத்த நரம்பு வலிக்காது. கிருமிகளோ சாகவில்லை. வேர் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி நிற்கும்.

மருந்துக் கடையில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதில் பயனில்லை. செத்த கூழில் இரத்த ஓட்டம் கிடையாது, ஆகவே மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் வற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும். ஒன்று பல்லை எடுக்க வேண்டும், அல்லது உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவதுதான் வேர் சிகிச்சை எனப்படும் ரூட் கேனால்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேல் துளையிட்டு, மெல்லிய அரங்களால் கால்வாய்களைச் சுரண்டி எடுக்கிறார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய், கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, நான்கு கூட இருக்கும். எக்ஸ்ரே எடுத்து ஆழம் பார்க்கிறார்கள். கழுவுவதற்குப் பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே சரக்கு. கடைசியில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைத்து மூடுகிறார்கள். மலேயாப் பக்கத்து மரத்திலிருந்து வரும் இதைத்தான் 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் உறையாகப் போட்டார்கள்!

சில பற்களுக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். முதல் தடவையிலேயே வலி போய்விடுவதால் நம்மில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. அது தேய்ந்து கசிந்தால் கிருமிகள் மறுபடியும் குடியேறும்.

மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை கெடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. உண்மையாகப் பயப்பட வேண்டியது வேறொன்று. தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம், மூச்சு முட்டல் இவை கண்டால் கடையைச் சாத்திவிட்டு அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் (நம் தொழிலில் அது குறைவா என்ன?) இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவையும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேர் பிளந்த பல்லையும், மிச்சமே இல்லாத பல்லையும் எடுத்துவிடுவதே சரி. உள்ளூரில் முடியாவிட்டால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் உள்ளது 1980இல் தொடங்கியது, புதுக்கோட்டையில் உள்ளது 2023இல் வந்தது. தனியாரிடம் போனால் எத்தனை தடவை, மேலுறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சரக்குக்கு விலை கேட்கத் தயங்காத நாம் இதற்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மேலுறையைச் செலவென்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல்லுக்குப் பழைய பலம் இருக்காது. அப்படி ஒரு வருடம் தள்ளிப்போட்ட நம் நண்பர் ஒருவர் கடையில் பொட்டுக்கடலை மென்றுகொண்டிருந்தபோது பல் நெடுக்காகப் பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.