குறியீட்டைக் கருவி எழுதட்டும், உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள்

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற ஒரு கருவியிடம் 'எனக்கு ஒரு வெப்சைட் வேண்டும்' என்று மட்டும் கேட்டால், அழகான பக்கம் ஒன்று வந்துவிடும். அதில் நீங்கள் வாங்காத விருதும், உங்களைப் பாராட்டாத வாடிக்கையாளரின் பாராட்டும் இருக்கலாம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அது தானாக நிரப்பிவிடும். அதனால் கருவியைத் திறப்பதற்கு முன் விவரங்களை எழுதி வையுங்கள்.

வீணை சொல்லித் தரும் ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கற்றார், எந்த வயதினருக்குச் சொல்லித் தருகிறார், வகுப்பு நேரம், தொடர்புகொள்ளும் வழி: இவ்வளவு போதும். வீட்டு முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

அடுத்து, கேட்கும் விதம். 'நான் வீணை ஆசிரியை. கீழே உள்ள விவரங்களை மட்டும் வைத்து ஒரு பக்க வலைத்தளத்தை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டில் மட்டும், ஒரே கோப்பாக எழுதிக் கொடு. நான் தராத எதையும் சேர்க்காதே. விவரம் போதாவிட்டால் என்னிடம் கேள்.' ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்புகளைக் கருவி பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு அவை தேவையில்லை, பராமரிப்பதும் கடினம்.

தமிழ்ப் பக்கத்துக்குத் தனியாகச் சில வேலைகள் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் அறிவிக்கச் சொல்லுங்கள்; பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவச எழுத்துருக்கள், ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியில் நம் எழுத்தின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் நெருக்கியடிக்கும். எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு கேட்டுப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

வந்த குறியீட்டை நோட்பேடில் ஒட்டி, 'index.html' என்ற பெயரில் சேமித்து, பிரவுசரில் திறங்கள். ஜன்னலைச் செல்போன் அளவுக்குக் குறுக்கிப் பாருங்கள். நீளமான தமிழ்ச் சொற்கள் பொத்தானை விட்டு வெளியே வருவது அப்போதுதான் தெரியும். திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால், நன்றாக இருந்ததும் கலைந்துபோகும். சரியாக வந்த ஒவ்வொரு பிரதியையும் தனியே சேமித்து வையுங்கள்.

தொடர்புப் படிவத்தில் ஏமாந்துவிட வேண்டாம். கருவி தரும் படிவம் பார்க்க முழுமையாக இருக்கும். ஆனால் அனுப்பும் செய்தியைப் பெற்றுக்கொள்ள மறுமுனையில் சர்வர் இல்லாவிட்டால் அது எங்கும் போகாது. ஒரு மாணவியின் பெற்றோர் எழுதியதே ஆசிரியைக்குத் தெரியாமல் போகும். மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் இணைப்பே போதும்.

தளத்தை வெளியிட கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை இலவசம். கணக்குத் தொடங்கி, உங்கள் பயனர் பெயருடன் '.github.io' சேர்ந்த பெயரில் ஒரு பொதுக் களஞ்சியம் (ரெப்பாசிட்டரி) உருவாக்கி, கோப்பைப் பதிவேற்றுங்கள். சில நிமிடங்களில் அதே முகவரியில் தளம் தெரியும். அங்கே போடுவதை எல்லோரும் பார்க்கலாம் என்பதால் அந்தரங்கக் கோப்பு எதையும் ஏற்றாதீர்கள். சொந்த டொமைன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

கடைசியாகக் கருவியிடம், 'வகுப்பு நேரம் எந்த வரியில் இருக்கிறது? அதை நானே எப்படி மாற்றுவது?' என்று கேட்டு, பதிலைக் குறித்து வையுங்கள். கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து பென்சில் படத்தை அழுத்தினால், அந்த வரியை அங்கேயே திருத்தலாம்.