வேர்டில் கட்டுரை திருத்துவது எப்படி?

நாமக்கல்லில் பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், பள்ளி ஆண்டு மலருக்காக ஐ.என்.எஸ். விராட் போர்க்கப்பலைப் பற்றி வேர்டில் ஒரு கட்டுரை டைப் செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அப்பா, ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்கிறாள். நீங்கள் பாட்டுக்கு அழித்து எழுதினால், எதை மாற்றினீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. இதற்கென்றே உள்ள வசதிதான் ட்ராக் சேஞ்சஸ்.

முதலில் ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள். பிறகு ரிவ்யூ டேபில் ட்ராக் சேஞ்சஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், இ ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். இனி நீங்கள் நீக்கும் சொல் மறையாது. அதன் குறுக்கே கோடு விழும். சேர்க்கும் சொல் வேறு நிறத்தில் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்துப் பெட்டியில் ஆல் மார்க்கப் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கட்டுரையைப் பார்ப்போம்.

"1987இல் கட்டப்பட்ட விராட்": எழுத்துப் பிழை இல்லை, தகவல் பிழை. பிரிட்டனில் கட்டப்பட்ட இக்கப்பல் 1959இல் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பெயரில் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்தது. 1987 மே 12 அன்றுதான் இந்தியக் கடற்படையில் விராட் ஆனது. 'கட்டப்பட்ட' என்பதை நீக்கி, 'நம் கடற்படையில் சேர்ந்த' என டைப் செய்யுங்கள்.

"கடலைக் காத்து வருகிறது": 2017 மார்ச் 6 அன்று விராட் ஓய்வு பெற்றுவிட்டது. 'காத்து வந்தது' என்பதே சரி.

"இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்": அந்தப் பெருமை 1961இல் சேர்ந்த விக்ராந்துக்கு உரியது. வரியையே மாற்றி எழுத வேண்டியிருப்பதால் நீங்கள் கை வைக்காதீர்கள். வரியை செலக்ட் செய்து, நியூ கமெண்ட் கிளிக் செய்து, காரணத்தை எழுதுங்கள். அவளே மாற்றட்டும்.

ஓர் எச்சரிக்கை. பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஹெர்மிஸ் வரும் இடத்திலெல்லாம் விராட் என ரீப்ளேஸ் ஆல் கொடுத்துவிடாதீர்கள். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்தது ஹெர்மிஸ். ஒரே கிளிக்கில் இந்தியக் கப்பல் அந்தப் போருக்குப் போனதாகிவிடும்!

ஃபைலைத் திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் அவள் படித்து, சரியென்றால் அக்செப்ட், இல்லையென்றால் ரிஜெக்ட் கொடுக்க வேண்டும். கமெண்ட்டுகளை டெலீட் செய்த பிறகே ஃபைல் அச்சகத்துக்குப் போகட்டும். மலர் அச்சாகி வந்துவிட்டால், அதைத் திருத்த எந்தப் பட்டனும் இல்லை.