சுமைதாங்கியைப் படம் எடுக்கப் போகிறவருக்கு

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சாலையோரத்தில் நான் படம் எடுத்த சுமைதாங்கி இன்றைக்கு அங்கே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. என்னிடம் இருக்கும் படத்தில் கல் இருக்கிறது, பின்னால் சிவந்த வானம் இருக்கிறது. எந்த ஊர் எல்லை, எத்தனையாவது கிலோமீட்டர், கல்லில் என்ன எழுதியிருந்தது என்பது எதுவும் இல்லை. அந்திவானத்துக்கு ஆசைப்பட்டு எதிர்வெயிலில் எடுத்ததால், எழுத்து இருந்த பக்கம் முழுக்க இருட்டு. அன்றிலிருந்து ஒரு பழைய இடத்தைப் படம் எடுக்கும்போது, அந்த இடம் போன பிறகு அதைத் தேடி வரப்போகிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். கீழே இருப்பவை எல்லாம் அவருக்காக.

செய்ய வேண்டியவை

முதல் படத்தைத் தள்ளி நின்று எடுங்கள். சாலையின் வளைவு, பக்கத்து வேப்பமரம், டீக்கடை, கைகாட்டிப் பலகை எல்லாம் அதில் வரட்டும். பிறகு நான்கு பக்கமும் சுற்றி வந்து எடுங்கள். கிட்டப் போவது கடைசியில். உயரமான கட்டடம் என்றால் கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். சுவர்கள் பின்னால் சாய்வதுபோல் விழும். இன்னும் பத்தடி பின்னால் போய், கேமராவை நேராகப் பிடித்தாலே போதும்.

பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லை வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை அதில் தள்ளி வைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளத் தோதான உயரம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். சாலைக்கு மேல் சாலை போட்டுத் தரை உயர்ந்துகொண்டே வருவதால், பல ஊர்களில் அந்தக் கல் இன்று இடுப்பளவுகூட இல்லை. ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது படம் பார்க்கிறவருக்குப் புரியும். மேல்கல்லின் விளிம்பைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். விறகுக்கட்டும் கூடையும் உரசி உரசி அந்த ஓரம் மட்டும் அம்மிக்கல் போல வழவழவென்று ஆகியிருக்கும்.

எழுத்தை எடுக்கச் சாய்ந்த வெயில் வேண்டும். உச்சி வெயிலில் கல்வெட்டு வெறும் கல்லாகத்தான் தெரியும். காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். வெயில் எட்டாத இடமென்றால் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டி, ஓரத்திலிருந்து அடியுங்கள். 1858-இல் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாகச் சேர்த்தார். காகித நெகடிவ் காலத்தில், மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப் போய்ச் செய்த வேலை அது. கையில் செல்போன் வைத்திருக்கும் நாம் ஒரு கல்லின் நான்கு வரியைப் பொறுமையாக, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு எடுக்கலாம்.

சத்திரத்துக்குப் போனால் முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் ஒரு பகுதி யானையும் குதிரையும் இழுக்கும் தேர் வடிவத்தில் இருக்கிறது. அதை எல்லாரும் எடுக்கிறார்கள்; எடுக்கவும் வேண்டும். ஆனால் இராமேசுவரம் போகிற யாத்ரீகர்களுக்குச் சோறு போட்ட இது போன்ற வீடுகளில் அடுப்படியும் கிணறும் மரத்தூணின் அடிக்கல்லும்தான் முதலில் அழிகின்றன. தேய்ந்த வாசற்படி, சுவரில் விளக்கு மாடம், கைப்பிடிச் சுவரில் சுதையால் எழுதிய ஆண்டு, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரியும் மெல்லிய பழஞ்செங்கல் எல்லாவற்றையும் எடுங்கள். தஞ்சைப் பக்கத்துப் பழைய மைல்கற்கள் சிலவற்றில் ரோமன் எண்ணோடு தமிழ் எண்ணும் வெட்டியிருக்கும். புல்லை விலக்கிப் பாருங்கள்.

அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, ஊர், எந்தச் சாலையில் எந்தப் பக்கம், அங்கே இருந்தவர் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். மூலப்படத்தைத் தனியாகச் சேமியுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் இன்னும் நல்லது.

செய்யக்கூடாதவை

எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் எதையும் பூசக்கூடாது. சாக்பீஸ், மாவு, எண்ணெய், எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டினால் எழுத்தின் ஓரமும் சேர்ந்து போகும்.

நடுகல்லிடம் செருப்போடு போகக்கூடாது. செங்கம், தருமபுரிப் பக்கங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிற சாமிகள். மஞ்சள் பூசியிருக்கிறார்களே, சிற்பம் தெரியவில்லையே என்று அதைத் துடைக்கக் கை நீட்டாதீர்கள். பூசாரியிடமோ பக்கத்துக் கொல்லைக்காரரிடமோ கேட்டால், அடுத்த அபிஷேகம் எப்போது, கல் எப்போது துலக்கமாக இருக்கும் என்று அவரே சொல்வார். கல்லை நிமிர்த்துவதும் நகர்த்துவதும் பெரும் பிழை. நின்ற இடம்தான் அதன் பாதி வரலாறு.

இடிந்த சுவரில் ஏறக்கூடாது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவர்கள் பவளப்பாறைக் கல்லால் ஆனவை. உப்புக்காற்று தின்று தின்று உதிரும் நிலையில் இருக்கின்றன. அவற்றின்மேல் ஏறி நின்று சிரிக்கிற படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த இரவில் அங்கே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். பழைய மட்டப்பா வீடுகளிலும் கவனம் வேண்டும்: உத்திரக்கட்டையைக் கரையான் அரித்திருந்தால் கீழிருந்து தெரியாது. மழை விட்ட மறுநாள் மண்சுவர் பக்கமே போகாதீர்கள். புதர் மூடிய கிணறும் இருக்கும்.

அனுமதி இல்லாமல் கூடாதவை: தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி, எங்கேயுமே விதி பார்க்காமல் டிரோன். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

ஆள் நடமாட்டத்தைத் துடைத்துவிடக் கூடாது. சத்திரத் திண்ணையில் நெல் காய்கிறது, தூணில் கொடி கட்டிப் புடவை தொங்குகிறது என்றால் அது அப்படியே படத்தில் வரட்டும். அந்த இடம் இன்னும் நிற்பதற்குக் காரணமே அதைப் புழங்குகிறவர்கள்தான். மின்கம்பியைக் கணினியில் அழிக்காதீர்கள். அது காலத்தைச் சொல்கிற அடையாளம்.

காவலில்லாத சிலை இருக்கும் இடத்தைத் துல்லியமாக ஊரறியச் சொல்லக்கூடாது. திருடுகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். குறிப்பேட்டில் இருக்கட்டும், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

படம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறக்கக்கூடாது. சத்திரம் ஒன்றில் நெல் துழாவிக்கொண்டிருந்த பாட்டி, "ஏம்ப்பா, இந்த இடிஞ்ச சுவத்த எடுத்துக்கிட்டுப் போயி என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொண்டு போய்க் கொடுக்க எட்டு மாதம் ஆயிற்று. கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தவர், படத்தில் நான் கவனிக்காத ஒரு மண்மேட்டைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் கெணறு. மூடிட்டாங்க. சத்தரத்துக்குச் சோறு பொங்கத் தண்ணி இதுலதான் எறைப்பாங்கன்னு எங்க மாமியா சொல்லும்." பிரிண்டின் பின்புறத்தில் அதை எழுதி, அவர் பெயரையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.